எண்ணிக்கைக்கு அடியில்: எச்.ஐ.வி. ஆய்வில் நோய் எதிர்ப்பும் வளர்சிதை மாற்றமும்

1981 ஜூன் 5ஆம் தேதியிட்ட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நுரையீரல் தொற்று பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வெளியானது. எய்ட்ஸ் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இக்கட்டுரையும் இங்கிருந்தே தொடங்குகிறது, ஆனால் காரணம் வேறு. அக்குறிப்பை எழுதிய மைக்கேல் காட்லீப் குழுவினர் அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட விரிவான கட்டுரையில், நோயாளிகளின் ரத்தத்தில் டி செல்களின் ஒரு வகை மட்டும் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்ததைக் காட்டினர். இன்று சிடி4 செல்கள் என்று நாம் சொல்லும் உதவிச் செல்கள் அவை. இதைப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் ஒரு புதிய கருவி. கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் அறிவித்த மோனோகுளோனல் எதிர்ப்பொருள் முறையால், உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் டி செல்களை வகைவகையாகப் பிரித்து எண்ணும் வசதி அப்போதுதான் ஆய்வகங்களுக்கு வந்திருந்தது. அது பத்தாண்டு தாமதித்திருந்தால், வெள்ளணுக்கள் குறைந்துள்ளன என்பதற்கு மேல் அதிகம் எதுவும் சொல்லியிருக்க முடியாது. புதிய கருவி எதை எண்ணிக் காட்டியதோ அதுவே நோயின் அடையாளமாக நிலைத்தது. எச்.ஐ.வி. என்பது அன்றுமுதல் எண்ணிக்கை குறையும் நோய்.

இந்தப் பார்வை பெற்றுத் தந்த பலன்களைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தானியே குழுவினர் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தனர். 1984 இறுதியில் லண்டன் குழு ஒன்றும் பாரிஸ் குழு ஒன்றும், சிடி4 மூலக்கூறே வைரஸ் நுழையும் வாசல் என்று ஒரே நேரத்தில் நிறுவின. எந்தச் செல் குறைகிறது என்ற கேள்விக்கும் ஏன் அந்தச் செல் என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டது. 1993இல் அமெரிக்கா தன் வரையறையைத் திருத்தியபோது, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் என்றானது. காய்ச்சலோ மெலிவோ வேறு தொற்றோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இந்த எண் ஒரு செல் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். இருக்கிற செல் எதைத் தின்று வாழ்கிறது, எவ்வளவு ஆற்றலோடு இயங்குகிறது, ஏன் களைத்துப் போகிறது என்பதையெல்லாம் சொல்லாது. எச்.ஐ.வி.யில் நோய் எதிர்ப்பின் சரிவையும் உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறையும் இரண்டு தனி விவகாரங்களாகப் பிரித்தது நோயின் இயல்பு அல்ல, அளக்கும் கருவிகளும் மருத்துவத் துறைகளின் எல்லைகளுமே என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டும் ஒன்றே என்பதற்கான சான்று முதல் பத்தாண்டிலேயே கிடைத்திருந்தது. அதை ஒன்றாக வாசிக்கத்தான் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆப்பிரிக்காவில் இந்நோய்க்கு வேறு முகம் இருந்தது. உகாண்டாவின் தென்மேற்கே ராக்காய் பகுதியில் மக்கள் வயிற்றுப்போக்கோடு உருகி எலும்பும் தோலுமாகி இறந்ததை உகாண்டா மருத்துவர்கள் 1985இல் லான்செட் இதழில் விவரித்தனர். அங்கே யாரும் டி செல்லை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது மெலிவுதான். அமெரிக்காவும் 1987இல் தன் எய்ட்ஸ் வரையறையில் மெலிவு நோய்க்குறியைச் சேர்த்தது: உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு, கூடவே ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ. நியூயார்க்கில் டொனால்ட் காட்லர் இன்னொரு படி போனார். தராசு காட்டும் எடை ஏமாற்றும், ஏனெனில் மெலியும் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். உடலிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு உயிருள்ள செல்களுக்குள் இருப்பதால், அவர் அதை அளந்து செல் திரளின் அளவைக் கணித்தார். இயல்பான அளவில் ஏறத்தாழ 54 விழுக்காடு என்ற நிலைக்குச் செல் திரள் இறங்கும்போது மரணம் நேர்கிறது என்று 1989இல் அவர் குழு எழுதியது. எந்தத் தொற்று வந்து முடித்துவைத்தது என்பதைவிட, உடலில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதே இறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து அதில் பொதிந்திருந்தது. நோய் எதிர்ப்பியலார் அதை ஊட்டச்சத்து ஆய்வு என்ற அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். காசநோயும் புற்றுநோயும்கூட உடலை உருக்குகின்றன, நீண்ட நோய் எதுவானாலும் எடை இறங்கும், இதில் எச்.ஐ.வி.க்கு என்று தனியாக என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிய ஆய்வுகள்தான் இந்த வரலாற்றின் மிகச் செழிப்பான பகுதி. சான் பிரான்சிஸ்கோவில் கார்ல் குரூன்ஃபெல்டும் கென்னத் ஃபைன்கோல்டும் நோயாளிகளின் ரத்தக் கொழுப்பை வரிசையாக அளந்தார்கள். தொற்றின் ஆரம்பக் கட்டத்திலேயே கொலஸ்டிரால், நல்லது கெட்டது இரண்டுமே, இறங்கிவிடுகிறது; பிறகு நோய் முற்றும்போது டிரைகிளிசரைடு ஏறுகிறது. அந்நாளில் எல்லாருடைய சந்தேகமும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தின் மேல்தான் இருந்தது. உடலை உருக்கும் பொருள் என்றே அதற்கு ஒரு பெயரும் இருந்தது. அளந்து பார்த்தபோது டிரைகிளிசரைடு அதனோடு சேர்ந்து ஏறவில்லை. ஆல்ஃபா இன்டர்ஃபெரானோடு சேர்ந்து ஏறியது. இன்டர்ஃபெரான் என்பது வைரஸைக் கண்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் எச்சரிக்கை. அதாவது கொழுப்பின் ஏற்றத்தைப் பட்டினியோ மெலிவோ விளக்கவில்லை, எதிர்ப்பு மண்டலத்தின் ஓயாத எச்சரிக்கை விளக்கியது. லண்டனில் டெரிக் மெக்காலன் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தது. படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கூடுதல் என்பது முன்பே தெரியும். ஆனால் கனநீர் கலந்த நீரைக் குடிக்கவைத்து முழுநாள் செலவைக் கணக்கிட்டபோது, எடை வேகமாக இறங்கும் நாட்களில் மொத்தச் செலவு குறைந்தே இருந்தது. உணவு குறைந்ததும் நோயாளி நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறார். நலமான உடல் ஓய்வுச் செலவையும் சேர்த்துக் குறைத்திருக்கும், இந்த உடலால் அது முடியவில்லை. பசித்த உடல் செய்யும் சிக்கனத்தை எதிர்ப்பு மண்டலம் தடுத்துவிடுகிறது என்பதுதான் இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு. காசநோயிலும் இதற்கு ஒப்பானது நடக்கலாம், எச்.ஐ.வி.யில் அறிகுறியே இல்லாத கட்டத்திலும் நடக்கிறது.

குடலை எடுத்துக்கொண்டால் பிரிவினையின் செயற்கைத்தன்மை இன்னும் துலக்கமாகும். எய்ட்ஸ் நோயாளிகளின் குடல் சளிப்படலம் சிதைந்திருப்பதையும், அதற்கு வழக்கமான கிருமி எதையும் காரணமாகக் காட்ட முடியாததையும் காட்லர் 1984இலேயே எழுதினார். அது உணவு உட்கிரகிப்புக் கோளாறு என்று கணக்கில் ஏறியது. 1998இல் குரங்குகளிலும் 2004இல் மனிதர்களிலும் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: உடலின் டி செல்களில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, தொற்றிய சில வாரங்களில், ரத்தத்தின் எண்ணிக்கை இன்னும் கௌரவமாக நிற்கும்போதே, குடலின் சிடி4 செல்கள் அழிந்துவிடுகின்றன. 2006இல் டேனியல் டூயெக் குழு அடுத்த கண்ணியைச் சேர்த்தது. காவல் இழந்த குடற்சுவரின் வழியே பாக்டீரியாவின் உறைப்பொருள் ரத்தத்தில் கசிகிறது. கசிவு கூடக் கூட டி செல்களின் கிளர்ச்சியும் கூடுகிறது. அழற்சி தூண்டப்பட்டதும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி விழித்துக்கொள்கிறது. அந்தச் சிதைவுப் பொருள்கள், குடற்சுவரைக் காக்கும் டி செல்களின் வளர்ச்சியையே முடக்குகின்றன. சுவர் இன்னும் கசிகிறது. எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் டிரிப்டோபான் குறைந்திருப்பதை ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள் 1990 வாக்கிலேயே பதிவு செய்திருந்தார்கள். அது எதற்கான தடயம் என்று தெரிய 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் மருந்துகள் வந்தன. அவற்றோடு வலுவான இரண்டாம் மறுப்பும் வந்தது. 1987இல் சிடோவுடின், 1990களில் ஸ்டாவுடின், 1996இலிருந்து மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை. 1998இல் சிட்னியில் ஆண்ட்ரூ காரும் டேவிட் கூப்பரும், அக்கூட்டில் இடம்பெற்ற புரோட்டியேஸ் தடுப்பி வகை மருந்து உண்பவர்களுக்குக் கைகாலில் கொழுப்பு கரைவதையும் வயிற்றில் சேர்வதையும் இன்சுலின் எதிர்ப்பு உண்டாவதையும் விவரித்தனர். இரண்டாண்டுகளில், அம்மருந்துகளில் ஒன்றான இன்டினாவிர், கொழுப்புச் செல்களும் தசைச் செல்களும் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் குளுட்4 வாசலை நேரடியாக அடைக்கிறது என்பதும் ஆய்வகத்தில் தெரிந்தது. ஸ்டாவுடின் கதை நமக்கு இன்னும் அருகில் உள்ளது. 2001இல் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு முன்வைத்த மலிவான கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் ஒரு பங்கு. 2004 ஏப்ரலில் இந்திய அரசு தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோதும் அது முதல்வரிசை மருந்துகளில் ஒன்று. உயிரைக் காத்த அதே மாத்திரை, மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதியைத் தடுத்தது. விளைவு முகத்தில் எழுதப்பட்டது: கன்னம் ஒட்டியது, நெற்றிப்பொட்டு குழிந்தது, கையிலும் காலிலும் நரம்பு புடைத்துத் தெரிந்தது, பின்புறம் சப்பையாகி மரநாற்காலியில் உட்காரவே வலித்தது. மறைத்து வாழ்ந்த நோயை முகம் காட்டிக்கொடுத்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு, எச்.ஐ.வி.யின் வளர்சிதை மாற்றக் கோளாறு என்றாலே அது மருந்தின் வேலைதான், வைரஸுக்கு அதில் பங்கில்லை என்று மருத்துவர்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

கன்னம் ஒட்டியதற்கு மருந்தே முதன்மைக் காரணம். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் முழுக் கோளாறையும் மருந்தின் தலையில் கட்டுவது இரண்டு இடங்களில் இடிக்கிறது. குரூன்ஃபெல்ட் அளந்த கொழுப்பு மாற்றங்கள் புரோட்டியேஸ் தடுப்பிகள் புழக்கத்துக்கு வருமுன் அளந்தவை. இரண்டாவது, மருந்துதான் குற்றவாளி என்றால் மருந்தை நிறுத்தினால் இதயம் தப்ப வேண்டும். அந்த எதிர்பார்ப்பையும் சோதித்த பெரிய பரிசோதனை ஸ்மார்ட். 33 நாடுகளில் 5,472 பேர்; ஒரு பாதிக்குத் தொடர் சிகிச்சை, மறு பாதிக்குச் சிடி4 எண்ணிக்கை 350க்கு மேலிருந்தால் மருந்து நிறுத்தம், 250க்குக் கீழே இறங்கினால் மறுபடி மருந்து. 2006 ஜனவரியில் அதைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. மருந்தை நிறுத்தியவர்களிடம் மரணம் மட்டுமல்ல, மாரடைப்பு, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் கூடியிருந்தன. மருந்து குறைந்தும் இதய நோய் கூடியது என்றால், கட்டுப்பாடற்ற வைரஸும் அது எழுப்பும் அழற்சியும் மருந்தைவிடப் பெரிய வளர்சிதை நஞ்சு என்றுதான் கொள்ள வேண்டும். பின்னர் அதே பரிசோதனையின் ரத்த மாதிரிகளில், இன்டர்லூக்கின்-6, டி-டைமர் ஆகிய அழற்சி, உறைதல் அடையாளங்கள் உயர்ந்தவர்களே அதிகம் இறந்ததும் தெரிந்தது. எண்ணிக்கை பாதுகாப்பான அளவில் இருக்கும்போதே இவ்வளவும் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 350 என்ற எண்ணை நம்பி வகுத்த பரிசோதனையே அந்த எண்ணின் போதாமைக்குச் சான்றாகிவிட்டது.

இனிச் செல்லுக்குள் போகலாம். ஓய்விலிருக்கும் டி செல்லுக்குள் நுழையும் எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதி முடிப்பதில்லை என்று 1990இல் ஜெரோம் சாக் முதலானோர் காட்டினர். எழுதத் தேவையான நியூக்ளியோடைடுகள் ஓய்வுச் செல்லில் போதவில்லை என்பது விரைவில் தெரிந்தது. ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு விடை 2011, 2012இல் வந்தது: சாம்ஹெச்டி1 என்ற நொதி அந்த மூலப்பொருளைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. செல் தன் சரக்கறையைக் காலியாக வைத்திருப்பதே அதன் தற்காப்பு. (இந்த நொதியை அழிக்கும் புரதம் எச்.ஐ.வி.-2 வகைக்கு உண்டு, எச்.ஐ.வி.-1 வகைக்கு இல்லை, ஆனால் உலகைச் சூறையாடியது எச்.ஐ.வி.-1தான்.) ஆக வைரஸுக்குச் சிடி4 வாசல் மட்டும் போதாது, உள்ளே பொருள் வளமும் வேண்டும். 2012இல் ஒரு ஆய்வு குளுட்1 என்ற குளுக்கோஸ் வாசல் அதிகமுள்ள செல்களிலேயே தொற்று எளிதாகிறது என்றது. 2014இல் மெல்போர்னில் கிளோவிஸ் பாமர், சூசன் குரோவ் குழுவினர், நோயாளிகளின் சிடி4 செல்களில் குளுட்1 கூடியிருப்பதையும், அது கூடக் கூட அச்செல்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதையும் காட்டினர்; மருந்தால் வைரஸ் அடங்கியவர்களிடமும் இது முழுதாகச் சீராகவில்லை.

செல்கள் சாகும் விதமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நிணநீர்க் கணுவில் சாகும் செல்களில் பெரும்பாலானவை தொற்று முதிர்ந்தவை அல்ல, அண்டைச் செல்கள் என்று 1995இலேயே தெரியும். 2014இல் வார்னர் கிரீன் குழு காரணத்தைச் சொன்னது. ஓய்வுச் செல்லில் பாதியில் நின்றுபோன வைரஸ் டி.என்.ஏ. துண்டுகளைச் செல் அன்னியம் என்று உணர்ந்து, அழற்சியோடு வெடித்துத் தன்னை மாய்த்துக்கொள்கிறது. வெடிப்பில் சிந்தும் பொருள் மேலும் செல்களை அங்கே வரவழைக்கிறது. அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. சரக்கறை காலியாக இருந்தால் வைரஸ் பெருகாது, செல் தற்கொலை செய்யும்; நிறைந்திருந்தால் வைரஸ் பெருகும், செல் அதற்குப் பலியாகும். மருத்துவர் எண்ணும் சிடி4 வீழ்ச்சி இந்த இரண்டு வழிகளின் கூட்டுத்தொகை, இரண்டையும் பிரிப்பது செல்லின் வளர்சிதை நிலை.

மூன்றாம் மறுப்பு ஆய்வகத்தாருடையது, மூன்றிலும் கூர்மையானது. கிளர்ச்சியடைந்த எந்த டி செல்லும் குளுக்கோஸை அள்ளி எரிக்கும், எச்.ஐ.வி. கிளர்ந்த செல்லையே விரும்பும் என்பது பழைய செய்தி. அப்படியிருக்க குளுக்கோஸ் என்பது கிளர்ச்சியின் நிழல்தானே, காரணம் எப்படி ஆகும்? நிழலையும் பொருளையும் பிரிக்க, கிளர்ச்சி அடையாளமும் வளர்சிதை வேகமும் ஒன்றாக நகராத செல்களைத் தேட வேண்டும். பாஸ்டர் நிறுவனத்தின் அசியர் சாயெஸ்-சிரியோன் குழு 2019இல் அதைத்தான் செய்தது. கிளர்ச்சி நிலையைவிட, செல்லின் வளர்சிதை வேகமே தொற்று வேரூன்றுவதைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டனர். குளுக்கோஸ் சிதைவை ஓரளவு தடுக்கும் பொருளைச் சேர்த்தபோது, சிகிச்சையிலிருப்போரின் செல்களில் பதுங்கியிருந்த வைரஸின் பெருக்கம் தடைபட்டது. நிழலை வெட்டினால் பொருள் அறுபடாது, இங்கே அறுபட்டது. இருந்தாலும் இது கண்ணாடிக் குடுவையில் நடந்த சோதனை. குளுக்கோஸ் சிதைவைத் தடுக்கும் பொருள் உடலுக்குள் போனால் நோயுற்ற செல்லையும் நலமான செல்லையும் பிரித்தறியாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

எதிர்ப் பக்கத்தில் நின்று தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 செல்களின் சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. வைரஸோடு ஓயாமல் மோதும் சிடி8 செல்கள் பிடி-1 என்ற தடை மூலக்கூறைச் சுமந்து களைத்துப்போவதை 2006இல் பல குழுக்கள் காட்டின. எண்ணிக்கையில் அவை குறைவில்லை, வேலைதான் நடப்பதில்லை. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வாழும் அரிய மனிதர்களிடம் நிலைமை வேறு. 2019இல் வெளியான மற்றொரு பாஸ்டர் ஆய்வின்படி, அவர்களுடைய சிடி8 செல்கள் குளுக்கோஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வழியே கொழுப்பு முதலான வேறு எரிபொருளையும் பயன்படுத்தும் நெகிழ்வு அவற்றுக்கு உண்டு. அடக்க முடியாதவர்களின் செல்களோ குளுக்கோஸையே பிடித்துத் தொங்குகின்றன. இன்டர்லூக்கின்-15 கொடுத்தால் ஆய்வகத்தில் அவற்றுக்கும் அந்த நெகிழ்வு ஓரளவு திரும்புகிறது. எத்தனை செல் என்ற கேள்வியால் இந்த வேறுபாட்டை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதெல்லாம் ஆய்வகச் சுவை, மாத்திரையைத் தவறாமல் விழுங்கி வைரஸை அடக்கிவிட்டால் மற்றவை தாமே சரியாகும் என்று சொல்வாரும் உண்டு. இன்றைய மருந்துகள் அந்த நம்பிக்கையை முழுதாகக் காப்பாற்றவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்து 2019இல் முடிவு வெளியான அட்வான்ஸ் பரிசோதனையில், டொலுடெக்ராவிரோடு புதுவகை டெனோஃபோவிர் உண்டவர்களுக்கு 48 வாரங்களில் சராசரி 6 கிலோ எடை கூடியது. பழைய எஃபாவிரென்ஸ் கூட்டில் 2 கிலோவுக்கும் குறைவுதான். நோய் தேறியதால் வந்த எடையும், எஃபாவிரென்ஸ் பசியையும் எடையையும் அமுக்கியதால் தெரிந்த வித்தியாசமும் இதில் கலந்திருக்கின்றன; எல்லாமே மருந்தின் கெடுதி என்பது அவசர முடிவு. ஆனால் மெலிவில் தொடங்கிய நோய் பருமனில் வந்து நிற்கிறது, இரண்டு முனையிலும் மருத்துவர் சிடி4 எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார். 2023இல் முடிவு வெளியான ரிப்ரீவ் பரிசோதனை இதற்கு நடைமுறை விடை ஒன்று தந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், இதய நோய் அபாயம் குறைந்ததிலிருந்து நடுத்தர அளவு வரை இருந்த 7,769 பேரிடம், தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொழுப்புக் குறைப்பு மருந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகளை 35 விழுக்காடு குறைத்தது. வைரஸை மருந்து அடக்கியிருந்தவர்களிடமும் தடுக்கக்கூடிய இதய நோய் மிச்சமிருந்தது என்பதே இதன் பொருள். எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் சிடி4, வைரஸ் அளவு இரண்டோடு இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆண்டுதோறும் அளந்து எழுத வேண்டும். 40 வயதைத் தாண்டிய நோயாளிகள் ஸ்டாட்டின் தங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் தாங்களே கேட்க வேண்டும்.